காலி வயிற்றில் கடும் பயிற்சி: ஒரு மகளிர் விடுதியின் ஓட்டக் குழுவில் அடிக்கடி வந்த சளி பற்றிய நிகழ்வு ஆய்வு

மாணவிகள், பயிற்சியாளர், விடுதிக் காப்பாளர் மூவர் தரப்பின் ஒப்புதலோடும் இதை எழுதுகிறேன். ஊர், கல்லூரி, பெயர்கள் எதுவும் இதில் இல்லை. விளையாட்டு உணவியல் ஆலோசகராக என்னை அழைத்த நாளிலிருந்து ஒரு போட்டிப் பருவம் முடியும் வரை நடந்தவை வரிசையாக உள்ளன.

பின்னணி

தமிழகத்தின் தென் மாவட்டம் ஒன்றில் உள்ள கல்லூரி. அதன் மகளிர் விடுதியில் 800 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை ஓடும் மாணவிகள் எட்டுப் பேர் தங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் வயது 18 முதல் 21க்குள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள். பல்கலைக்கழகப் போட்டியில் பதக்கம் வந்தால்தான் அடுத்த ஆண்டுக் கட்டணச் சலுகை. ஒரு வாரம் சளி, காய்ச்சல் என்று படுத்தால் இழப்பது பயிற்சி மட்டுமல்ல.

காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தே காலுக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். ஏழரை வரை பயிற்சி. மெஸ் எட்டு மணிக்குத் திறக்கும். குளித்து, வரிசையில் நின்று, தட்டு கைக்கு வரும்போது எட்டரை ஆகிவிடும். முந்தின இரவுச் சாப்பாடு ஏழரைக்குள் முடிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே 13 மணி நேரம். அதன் பிற்பகுதியில்தான் நாளின் கடுமையான வேலை. இடையில் சிலர் ஒரு டம்ளர் கடுங்காப்பி குடிப்பார்கள், மற்றவர்களுக்கு வெறும் தண்ணீர்தான்.

இது யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. மெஸ் நேரமும் மைதானத்து நேரமும் தனித்தனியாக முடிவானவை. அதோடு பயிற்சியாளரின் அனுபவமும் சேர்ந்துகொண்டது. அவர் காலத்தில் எல்லோரும் வெறும் வயிற்றில்தான் ஓடினார்கள். "வயித்துல எதாச்சும் கிடந்தா விலா குத்தும் மேடம், பிள்ளைங்களால கடைசி ரவுண்டு இழுக்க முடியாது" என்றார். அவர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. மூன்று தோசையைச் சாப்பிட்டுவிட்டு உடனே ஓடினால் அப்படித்தான் ஆகும்.

அழைப்புக்குக் காரணமான ரத்தப் பரிசோதனை

குழுவில் 5,000 மீட்டர் ஓடும் இருபது வயது மாணவிக்குத் தொண்டை வலியும் மூக்கடைப்பும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை, 400 மீட்டர் இன்டர்வல் பயிற்சி (இடையிடையே ஓய்வு விட்டு வேகமாக ஓடுவது) முடித்த கையோடு, காலை உணவும் சாப்பிடாமல் பக்கத்துப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தாள். வெள்ளையணுக்களின் எண்ணிக்கை வழக்கத்தை விடக் கூடுதல், அவற்றின் வகைகளில் நியூட்ரோஃபில் மிக அதிகம், லிம்ஃபோசைட் குறைவு. கிருமித் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது. காய்ச்சல் இல்லை. மருந்து முடிந்த பத்தாம் நாள் மறுபடி அதே தொண்டை வலி. பயிற்சியாளர் அந்த ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தது அப்போதுதான்.

ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்ததும் முதலில் கேட்டது, அன்றைய பயிற்சி என்ன என்பதைத்தான். கடும் ஓட்டம் முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் யாருடைய ரத்தத்தை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே படம்தான் வரும். அட்ரினலின், கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன்கள் ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்களை ரத்த ஓட்டத்துக்குள் தள்ளும், எலும்பு மஜ்ஜையிலிருந்தும் புதிதாக வரவழைக்கும். லிம்ஃபோசைட்கள் ஓடும்போது கூடி, ஓட்டம் நின்றபின் இயல்பு அளவுக்கும் கீழே இறங்கும். மருத்துவரிடம் ஆலோசித்து, ஞாயிறு ஓட்டத்தை விட்டுவிட்டு முழு ஓய்வெடுத்து, திங்கள் காலை மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னோம். வெள்ளையணுக்கள் இயல்பு எல்லைக்குள் இருந்தன. ஹீமோகுளோபின் எல்லைக்கோட்டில் இருந்தது, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருந்தது.

ஒருத்தியின் பிரச்சினையாகத் தொடங்கியது இங்கே குழுவின் பிரச்சினையாக மாறியது. வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததில், அந்தப் பருவத்தில் யாராவது ஒருவர் சளி என்று விடுப்பு எடுக்காத வாரமே அரிது.

கவனித்தவை

மாணவிகளிடம் மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பு எழுதச் சொன்னோம். ஒரு சாதாரண நாள், ஒரு கடும் பயிற்சி நாள், ஒரு ஞாயிறு. மூன்று விஷயங்கள் தெரிந்தன.

முதலாவது, அந்த 13 மணி நேர இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை மெஸ் எட்டரைக்குத்தான் திறக்கும். நீண்ட ஓட்டமும் ஞாயிறுதான், ஆகவே அன்று இடைவெளி இன்னும் நீளம். இரண்டாவது, கடும் நாளில்தான் மொத்தச் சாப்பாடும் குறைந்தது. களைத்து வந்து குளித்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள், இரண்டு இட்லியோடு வகுப்புக்கு ஓடுவார்கள். மூன்றாவது, நேரில் கேட்டபோதுதான் வந்தது: மூன்று பேருக்கு மாதவிடாய் பல மாதங்களாகச் சரியாக வரவில்லை. ஒருத்தி அதை நல்ல பயிற்சியின் அடையாளம் என்றே நினைத்திருந்தாள்.

குளுக்கோமீட்டரும் பயன்படுத்தினோம். இதில் ஒரு குழப்பம் வந்தது, விளக்கியே ஆக வேண்டும். இன்டர்வல் பயிற்சிக்கு முன்னும் பின்னும் விரல் நுனியில் குத்திப் பார்த்ததில், பெரும்பாலோருக்குப் பயிற்சிக்குப் பின் சர்க்கரை கூடியிருந்தது. "பாத்தீங்களா மேடம், உடம்புல சர்க்கரை போதுமான அளவு இருக்கு" என்றார் பயிற்சியாளர். உண்மையில் அது அட்ரினலின் கல்லீரலைப் பிழிந்து எடுத்த சர்க்கரை. ரத்தத்தில் தெரியும் அளவு கையிருப்பைக் காட்டாது. ஞாயிறு நீண்ட ஓட்டத்தில் அதே பெண்களைப் பார்த்தபோது ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கு அளவு, குறைவு என்று கொள்ளும் எல்லையான 70ஐ ஒட்டி வந்திருந்தது. இருவரும் கை நடுங்குகிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

கார்டிசாலை அளக்கவில்லை. செலவு ஒரு காரணம். மற்றொன்று, அதிகாலையில் அந்த ஹார்மோன் இயல்பாகவே உச்சத்தில் இருக்கும் என்பதால், ஒற்றை அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

உடலுக்குள் நடப்பது

உணவு உண்டபின் கல்லீரலில் சுமார் 80 முதல் 100 கிராம் கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரை, இருக்கும். தூங்கும்போதும் மூளை அதிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 5 கிராம் குளுக்கோஸ் கேட்கும். விடியும்போது பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். தசையில் உள்ள கிளைக்கோஜன் இரவில் அதிகம் குறையாது, ஆனால் அதைக் குளுக்கோஸாக ரத்தத்தில் விடுவதற்கான நொதி தசையில் கிடையாது. அந்தத் தசையின் இருப்பு அந்தத் தசைக்கு மட்டும்தான். ஆகவே வெறும் வயிற்றில் வரும் ஓட்டக்காரியின் கால் ஓரளவு ஓடத் தயாராக இருக்கும், ரத்தச் சர்க்கரையைக் காக்க வேண்டிய கல்லீரல்தான் வறண்டிருக்கும்.

மெதுவான ஓட்டத்தில் இது பெரிய விஷயமில்லை. கொழுப்பு எரிந்து ஈடுகொடுக்கும். இன்சுலின் குறைவாக இருப்பதால் வெறும் வயிற்றில் கொழுப்பு கூடுதலாகவே எரியும். வேகம் கூடும்போதும், நேரம் ஒன்றரை மணியைத் தாண்டும்போதும் சர்க்கரைதான் வேண்டும். கிடைக்காதபோது அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் மூன்றும் கூடுதலாகச் சுரக்கின்றன. கார்டிசால் வெறும் எரிபொருள் ஹார்மோன் இல்லை. வெள்ளையணுக்கள் எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதையும் அதுவே மாற்றுகிறது.

இன்னொரு தூதர் இன்டர்லூகின்-6, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் அணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு புரதம். இதை நீண்ட காலம் அழற்சியின் அடையாளமாகவே பார்த்தார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோபன்ஹேகனில் பென்டே கிளார்லுண்ட் பெடர்சன் குழுவினர், சுருங்கி விரியும் தசையே இதை ரத்தத்தில் விடுகிறது என்று காட்டினார்கள். தசையில் கிளைக்கோஜன் குறையக் குறைய இது அதிகமாக வெளிவருகிறது, கல்லீரலிடம் குளுக்கோஸ் கேட்கிறது. எதிர்ப்பு மண்டலத்தின் தூதரும் எரிபொருள் எச்சரிக்கையும் ஒன்றே என்றால், காலை உணவு வயிற்றோடு முடியும் சமாச்சாரம் அல்ல என்பது விளங்கும். ஓட்டத்துக்கு முன்னும் ஓட்டத்தின்போதும் மாவுச்சத்து கொடுத்தால் கார்டிசால், இன்டர்லூகின்-6, நியூட்ரோஃபில் ஏற்றம் ஆகியவை குறைகின்றன என்பது பல ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தது. அவற்றில் பெரும்பாலானவை நீண்ட, கடுமையான பயிற்சியின்போது 6 சதவீதச் சர்க்கரைப் பானம் கொடுத்தவை.

இதிலிருந்து "சாப்பிட்டு ஓடினால் சளி பிடிக்காது" என்று தாவுவதை நான் ஏற்கவில்லை, பெண்களிடமும் சொல்லவில்லை. 1987 லாஸ் ஏஞ்சலிஸ் மராத்தானுக்குப் பின் டேவிட் நீமன் நடத்திய ஆய்வில், ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரத்தில் தொற்று அறிகுறி சொன்னார்கள். அதே அளவு பயிற்சி செய்தும் அன்று ஓடாதவர்களில் 2.2 சதவீதம். ஆனால் அது அவர்கள் வாயால் சொன்னது, ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்தது அல்ல. ஓட்டத்துக்குப் பின் லிம்ஃபோசைட் குறைவதை, எதிர்ப்பு மண்டலம் கதவைத் திறந்துபோட்டு நிற்பதாக அப்போது புரிந்துகொண்டார்கள். 2018இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அதை மறுத்தார்கள். அந்த அணுக்கள் அழியவில்லை, நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போயிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். மாவுச்சத்து அழுத்த ஹார்மோன்களைத் தணிக்கிறது என்பதற்குச் சான்று உறுதியானது. அதனால் நோய் நாட்கள் குறைகின்றன என்பதற்குச் சான்று மெலிந்தது. மைதானத்தில் இரண்டையும் ஒன்றாகப் பேசிவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செவ்வாய் இன்டர்வல், வியாழன் டெம்போ (ஒரே சீரான கடும் வேகத்தில் ஓடுவது), ஞாயிறு நீண்ட ஓட்டம். இந்த மூன்று நாட்களுக்கு மட்டும் முன்னுணவு, அதாவது ஓடப்போகும் முன் சிறிது உணவு, கட்டாயம். மற்ற நாட்களில் மெதுவான ஓட்டம்தான், விருப்பப்பட்டால் வெறும் வயிற்றில் போகலாம். பயிற்சியாளர் ஒத்துக்கொண்டதற்கு இந்த வரம்பு உதவியது. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் மாணவிக்கும் சிக்கல் வரவில்லை.

என்ன கொடுப்பது என்பதை விடுதியின் விதிகள்தான் முடிவு செய்தன. அறையில் அடுப்பு கூடாது. நாலரை மணிக்கு மெஸ்ஸில் ஆள் இல்லை. அவல் சரியாக வந்தது. சிவப்பு அவலில் எழுந்தவுடன் தண்ணீர் தெளித்து வைத்தால் பல் துலக்கி முடிப்பதற்குள் ஊறிவிடும். 40 கிராம் அவலில் 30 கிராம் மாவுச்சத்து, மேலே பொடித்த வெல்லம் 10 கிராம். 48 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. விளையாட்டு மருத்துவ அமைப்புகள் சொல்வது, பயிற்சிக்கு ஒன்று முதல் நான்கு மணி நேரம் முன்பு கிலோவுக்கு 1 முதல் 4 கிராம். எங்களுக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லாததால் அதன் கீழ் எல்லைக்கும் கீழே நின்றோம். தேங்காய்த் துருவல் வேண்டாம் என்றோம், கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அவல் இறங்காதவர்களுக்குப் பூவன் பழமும் பேரீச்சையும்.

காலையில் கொஞ்சமாகத்தான் கொடுக்க முடியும் என்பதால் இரவில் ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஒன்பதரை மணிக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு பழமும். காப்பாளர் முதலில் தயங்கினார். ஓட்டக்காரிகளுக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள் என்பது அவர் கவலை, நியாயமானதுதான். கல்லூரி விளையாட்டுத் துறையின் செலவில் தனியாக வாங்குவது என்று முடிவானது.

ஞாயிறு ஓட்டத்துக்குப் பானகம். லிட்டருக்கு 60 முதல் 70 கிராம் வெல்லம், எலுமிச்சை, சிட்டிகை உப்பு. ஆய்வுக்கூடங்களில் கொடுத்த 6 சதவீதப் பானத்தின் அடர்த்திதான் ஏறக்குறைய இதற்கும். வெல்லத்துக்கும் பழத்துக்கும் போய் இவ்வளவு பலமா என்று பயிற்சியாளர் கேட்டபோது, 2012இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 75 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு வாழைப்பழம் சர்க்கரைப் பானத்துக்கு ஈடாக நின்றதைச் சொன்னேன்.

பயிற்சி முடிந்த அரை மணிக்குள் மைதானத்திலேயே ஒரு வேகவைத்த முட்டை அல்லது ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். மருத்துவர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரையும் அப்போதே. ஓட்டத்துக்குப் பின் இன்டர்லூகின்-6 தூண்டுதலில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், அது குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். மூன்று முதல் ஆறு மணி நேரத்தில்தான் அது உச்சத்துக்குப் போகிறது. அதற்குள் மாத்திரை போய்விட வேண்டும். டீ அதற்கு ஒரு மணி நேரம் கழித்து.

உணவோடு தொடர்பில்லாத ஒன்றையும் சேர்த்தோம். மைதானத்தில் ஒரே டம்ளரை எட்டுப் பேரும் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பாட்டில் என்று மாற்றினோம். ஆய்வு நோக்கில் பார்த்தால் இது கணக்கைக் கலக்கும். ஆனால் சளியோடு இருக்கும் பெண்களை ஒப்பீட்டுக்காக ஒரே டம்ளரில் குடிக்க விட்டிருக்க முடியாது.

நடந்தவை

முதல் வாரம் நன்றாகப் போகவில்லை. இரண்டு பேருக்குக் குமட்டல். அவர்கள் அவலைச் சரியாக ஊறவைக்காமல் அவசரத்தில் மென்று விழுங்கியிருந்தார்கள். அளவைப் பாதியாக்கி, வாராவாரம் கொஞ்சம் கூட்டினோம். இன்னொருத்தி தானாகவே குளுக்கோஸ் பவுடர் வாங்கி, ஐந்து மணிக்கு முன்பே நாலைந்து ஸ்பூன் கரைத்துக் குடித்தாள். வார்ம்-அப் தொடங்கியதும் தலை சுற்றியது. சர்க்கரை தனியாகப் போய் இன்சுலின் ஏறியிருக்கும் நேரத்தில் தசையும் உறிஞ்சத் தொடங்கினால் சிலருக்கு இப்படி ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். எல்லோருக்கும் வராது. அவளுக்கு மட்டும், பழத்தை வார்ம்-அப் முடிந்து முதல் ரவுண்டுக்கு முன் சாப்பிடும்படி மாற்றினோம். அதற்குப் பின் வரவில்லை.

விலா குத்தும் என்ற அச்சம் இரண்டு பேர் விஷயத்தில் மட்டும் உண்மையானது, அதுவும் ஒரு மாதத்துக்குள் அடங்கியது. பயிற்சியாளர் மாறியது ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துத்தான். இன்டர்வலில் கடைசி மூன்று 400 மீட்டர்களில் நேரம் சரியும், அதை அவர் மன உறுதி சம்பந்தப்பட்டதாகவே நினைத்திருந்தார். அந்தச் சரிவு பெரும்பாலோருக்குக் குறைந்தது. எடை கூடிவிடும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. இருவருக்கு ஒரு கிலோ அளவில் கூடியது, அவர்கள் ஓட்ட நேரம் கெடவில்லை.

சளி விடுப்புகள் குறைந்தன, முழுக்க நிற்கவில்லை. ஐப்பசி மழையில் இரண்டு பேர் படுத்தார்கள். அதற்கு முந்தைய பருவத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அதில் அவலுக்கு எவ்வளவு பங்கு, இரவுப் பாலுக்கு எவ்வளவு, தனித்தனிப் பாட்டிலுக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. என் கணிப்பில், மொத்தச் சாப்பாடு கூடியதும் டம்ளர் போனதும்தான் பெரிய பங்கு. முன்னுணவின் பங்கு பயிற்சியின் தரத்தில் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் வந்த 5,000 மீட்டர் மாணவிக்கு ஃபெரிட்டின் அடுத்த பரிசோதனையில் ஏறியிருந்தது. பருவம் முடியும் வரை அவளுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படவில்லை. மாதவிடாய் தவறியிருந்த மூவரில் இருவருக்குத் திரும்பியது. மூன்றாமவருக்கு வரவில்லை, மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினோம், சிகிச்சை தொடர்கிறது. உழைப்புக்குப் போக உடலுக்கு மிஞ்சும் ஆற்றல், கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே நீண்ட நாள் நின்றால் இனப்பெருக்க ஹார்மோன்கள் முதலில் அடங்கும், எலும்பும் எதிர்ப்புத் திறனும் பின்னால் அடிபடும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 முதல் இதைத் தனிக் குறைபாடாகவே பேசுகிறது. அவள் விஷயத்தில் ஒரு கிண்ணம் அவல் போதாது.

அடுத்த குழுவில் மாற்றுபவை

மாதவிடாய் பற்றிய கேள்வி முதல் சந்திப்பிலேயே, தனியாக, ஒரு பெண் கேட்பதாக இருக்கும். சாப்பாட்டுக் குறிப்புக்கு முன்னால் அதுதான். ரத்தப் பரிசோதனைக்கு எழுத்தில் ஒரு விதி: ஒரு நாள் முழு ஓய்வுக்குப் பின், காலை நேரத்தில், கடைசிப் பயிற்சி எப்போது என்பதைச் சீட்டிலேயே குறித்து. தனித்தனி பாட்டிலையும் இரவு உணவையும் முதல் மாதம் கொண்டுவந்துவிட்டு, முன்னுணவை அடுத்த மாதம் சேர்த்தால் எது எதனால் என்பது கொஞ்சமாவது தெரியும். அறிகுறிகளை விடுப்புப் பதிவேட்டிலிருந்து எடுக்காமல், தினமும் தொண்டை, மூக்கு, தூக்கம் மூன்றுக்கும் மதிப்பெண் போடும் ஒரு தாளிலிருந்து எடுக்க வேண்டும். லேசான சளியோடு ஓடியவர்கள் பதிவேட்டில் வருவதே இல்லை.

அவலும் வெல்லமும் இப்போது விளையாட்டுத் துறையின் மாதாந்திரப் பட்டியலில் ஏறிவிட்டன. இரவுப் பால் அடுத்த பருவத்துக்கும் அனுமதி பெற்றிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸை எட்டு மணிக்கே திறப்பது பற்றிக் காப்பாளரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சமையல்காரர்களுக்கு அது வாரத்தில் ஒரே ஒரு தாமதமான காலை என்பதால், அன்று மட்டும் முந்தின இரவே சுண்டலை ஊறவைத்து மைதானத்துக்கு அனுப்ப முடியுமா என்று பார்க்கிறார்கள்.